மூடப்போகிறார்கள் என்று படித்தவள்

ஞாயிற்றுக்கிழமைகளில் வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்புக்குப் போவேன். மற்ற நாட்களில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் செல்போன் சார்ஜர்களைச் சோதிக்கும் வேலை. ஆங்கில இலக்கணம் மட்டும் எனக்கு ஏறவே இல்லை. வகுப்பெடுத்தவர் ஆங்கில நாளிதழ் வாங்கச் சொன்னார்.

"செய்தியை விடுங்க. தலைப்பை மட்டும் படிச்சு, அதுல எந்த வார்த்தையை விட்டிருக்கான்னு பாருங்க" என்றார்.

கம்பெனி பஸ்ஸில்தான் அதைப் படிப்பேன். பக்கத்தில் கூரத்திலிருந்து வரும் தோழி உட்காருவாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். எட்டிப் பார்த்தே அவளும் கற்றுக்கொண்டாள்.

"செத்துப்போனவரை 'டைஸ்'னு போட்டுக்கிறானே. இன்னும் செத்துக்கினு இருக்காரா?"

"தலைப்புல நேத்து நடந்ததையும் இன்னைக்கு நடக்குற மாதிரிதான் எழுதுவாங்க."

ஒரு வியாழக்கிழமை உள்பக்கத்தில் எங்கள் கம்பெனியின் பெயர் இருந்தது. சின்னத் தலைப்புதான். பெயருக்கு அடுத்து 'டு ஷட்' என்று இருந்தது. அவளும் பார்த்துவிட்டாள்.

"மூடிட்டாங்களா?"

"இல்ல. 'டு' போட்டா இனிமேதான். மூடப்போறாங்க."

"மூடலாம்னு யோசிக்கிறாங்களா?"

"முடிவு பண்ணிட்டாங்க."

முன் இருக்கையிலிருந்த சூப்பர்வைசர் அண்ணன் திரும்பினார். "சரியா படிச்சியாம்மா? வேற ஏதாவது இருக்கப்போவுது."

அவருக்காகச் செய்தி முழுவதையும் சத்தமாகப் படித்துத் தமிழில் சொன்னேன். தயங்காமல் படித்தேன். ஒரு சொல்லுக்குக்கூட அகராதி தேவைப்படவில்லை. டிரைவர் பாட்டை நிறுத்தினார். வழக்கம்போல இறங்கி, கார்டைத் தேய்த்து, உள்ளே போய் வேலை பார்த்தோம். மதியம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று இப்போது கேட்டால் தெரியாது.

நிர்வாகம் எங்களிடம் சொன்னது அதற்கும் இரண்டு வாரம் கழித்துத்தான். அந்த மாதக் கடைசியில் கேட்டை மூடினார்கள். மறுநாள் நாளிதழைப் படமெடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். 'வொர்க்கர்ஸ் சென்ட் ஹோம்', தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று தலைப்பு. அவள் உடனே போன் செய்தாள்.

"நடுவுல 'ஆர்' இல்ல, பாத்தியா?"

"பாத்தேன்."

"யாரு அனுப்புனாங்கன்னும் போடல."

"அப்படி எழுதினா போடவேண்டியதில்லை."

அடுப்பில் பால் இருக்கிறது என்று அவள் போனை வைத்தாள்.

அன்று காலையும் நான் நாலரைக்கே எழுந்திருந்தேன். குளித்து, தலை பின்னி, கம்பெனி நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா டீ கொண்டுவந்து கொடுத்தாள். சட்டையைப் பார்த்தாள். "அழுவணும்னா அழுதுடும்மா" என்றாள். முயன்று பார்த்தேன், வரவில்லை. டீயைக் குடித்தேன்.

அடுத்த ஆண்டு தேர்வில் தேறினேன். ஆங்கிலத்தில்தான் மதிப்பெண் அதிகம். முடிவு வந்ததும் தோழிக்குப் போனில் சொன்னேன். காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் அப்போது அவளுக்கு வேலை கிடைத்திருந்தது.

"சந்தோஷமா இருக்குதா?"

"தெரியலைப்பா."

"எனக்கும் இங்க சேந்தப்ப அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். கடைக்கு ஆள் வந்திருப்பதாகவும், சாயங்காலம் கூப்பிடுவதாகவும் சொன்னாள்.