பேசாமல் நடந்து வரும் திருடன்

நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தி பல் செட் செய்கிறவள். அச்சு வார்ப்பது, மெழுகில் பல் அடுக்குவது, தேய்த்துப் பளபளப்பாக்குவது என்று பகல் முழுக்க வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் மென்று தின்கிறார்கள். வீட்டில் மட்டும் வாயே திறக்க மாட்டாள். "அது எங்க பேசும்" என்று மாமியார் அவளை வைத்துக்கொண்டே சொல்வார்.

ஞாயிறு மதியமானால் கிளம்பிவிடுவாள். ஜெராக்ஸ் கடை மாடியில் நாலைந்து பேர் கதை விளையாட்டு ஆடக் கூடுவார்கள். மருந்துக்கடைக்காரர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்த ஆளாகவே பேசுவார்கள். சண்டையில் ஜெயமா தோல்வியா என்பதைப் பகடை சொல்லும். அக்காவுக்குக் கிழட்டுத் திருடன் வேடம். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனாள். அசந்துபோனேன். கதையில் வந்த ராஜாவையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள், கரகரத்த குரலில். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். குழம்பில் உப்பு இல்லாவிட்டால்கூடச் சொல்லாத வாயா இது!

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது வராவிட்டால் அவருடைய ஆளைக் கதையிலிருந்து எடுத்துவிட மாட்டார்கள். கூடவே கூட்டிப்போவார்கள். அது நடக்கும், சாப்பிடும், சொன்ன இடத்தில் நிற்கும். பேசாது. பேச உரியவர்தான் வர வேண்டும்.

எல்லாம் ஒரு போட்டோவால் கெட்டது. தலையில் துண்டு கட்டி, கையை ஓங்கி, வாயை அகலத் திறந்துகொண்டு அக்கா. அது எப்படியோ நாத்தனார் போனுக்கு வந்துவிட்டது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"தலை நரைச்ச வயசுல இது என்ன கூத்து அண்ணி? பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களா?"

"ஆபீஸ்ல 'உங்க வீட்டுத் திருடன் சௌக்கியமா'ன்னு கேக்கறாங்க" என்றார் அக்காவின் கணவர். "வெளியில தலை காட்ட முடியல."

இவர் வாரம் தவறாமல் சீட்டாடுகிற மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சீட்டு மட்டும் என்ன தவமா?" என்று கேட்டேவிட்டேன். என் வீட்டுக்காரர் முறைத்தார்.

அக்கா போனை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். "இனிமே போகல" என்றாள்.

அதன்பிறகு ஞாயிறுகளில் துணி மடித்தாள். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். "கஷ்டமா இருக்காக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணும் தோணல" என்றாள். பொய் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சில வாரம் கழித்து, நாத்தனார் வந்திருந்த ஒரு ஞாயிறு, மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார். அக்கா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கை ஈரம் என்று நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"திருடன் இன்னும் எங்ககூடத்தான் வர்றான்மா. பேசாம வர்றான். இன்னிக்கு எல்லாரும் பிடிபட்டுட்டோம். ராணி முன்னாடி விசாரணை. அவங்கவங்க வாயால பேசினாத்தான் தப்பிக்கலாம். நீங்க வர வேணாம், போன்லயே ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொல்லுங்கக்கா" என்றேன்.

அக்கா குழாயை மூடினாள். தொண்டையைச் செருமினாள். அந்தக் கரகரப்பு வந்துவிட்டது, எனக்குக் கேட்டது.

"யாரு, கொள்ளைக்கூட்டமா?" என்று நாத்தனார் கேட்க, கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா குழாயைத் திறந்தாள். "பேசலைன்னா என்ன ஆகும்?" என்று தன் சொந்தக் குரலில் கேட்டாள்.

"தூக்குதான்மா."

"சரி."

"சரின்னா?"

"போட்டுடுங்க."

நான் போனை அணைத்தேன். எனக்குத்தான் கண் கலங்கியது.

அக்கா டீயை ஊற்றி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"இப்பதான் அண்ணி லட்சணமா இருக்கீங்க" என்றாள் நாத்தனார்.

"இங்க வந்து உக்காரு" என்றார் கணவர். உட்கார்ந்தாள். மாமியார் பிஸ்கட் தட்டை நகர்த்தினார். ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள்.