கட்டிலுக்குக் கீழே தொங்கிய பை

எங்கள் அப்பா வந்தவாசிப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்து, இளவயதிலேயே பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டைக்கு லேத் வேலைக்கு வந்தவர். ஜோகுபாளையத்து வாடகை வீட்டில் என்னையும் தங்கையையும் ஆளாக்கினார். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்க மாட்டார். அந்தச் சுத்தத்தைக் கேலி செய்த சொந்தங்கள்தான் பின்னால் அவர் கட்டிலருகே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றன.

பக்கவாதம் வந்தபின் சிறுநீர் போக டியூப் போட்டு, அது சேரும் பையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு தேடி வந்த நர்ஸம்மா தன் கன்னடத் தமிழில் படித்துப் படித்துச் சொன்னார்: "பை எப்பவும் இடுப்புக்குக் கீழயே தொங்கணும்மா. மேல தூக்கினா உள்ள இருக்கிறது திரும்பிப் போவும், இன்ஃபெக்ஷன் ஆவும். தரையிலயும் படக்கூடாது. தொடறதுக்கு முன்னாடி கை கழுவணும். கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?" பேச்சு குழறினாலும் அப்பா இதை மனப்பாடம் செய்துகொண்டார்.

ஆப்பிளோடு வந்த சித்தப்பாவோ, "என்னம்மா, கூடத்துல மூத்திரத்தத் தோரணம் கட்டி வெச்சிருக்கீங்க?" என்றார். ஒருநாளும் அந்தப் பையைக் காலி செய்ய வராத மனிதருக்கு வாய் மட்டும் வக்கணையாக வந்தது.

தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்றும் அவர்தான், "அந்த அசிங்கத்த மறைம்மா, மானம் போவுது" என்றார். பையைத் தூக்கி அப்பாவின் வயிற்றருகே வைத்துப் போர்வையால் மூடினார்கள் என்று எழுத ஆசைதான். மூடியது நான்.

"கீழ வைம்மா" என்றார் அப்பா. மறுபடியும் சொன்னார்.

"சும்மா இருங்கப்பா, வந்தவங்களுக்குக் கேக்கும்."

மாலைவரை பை மேலேயே இருந்தது. வந்த பெரிய மனிதர்கள் கேசரியைப் புகழ்ந்தார்கள்; கட்டில் பக்கம் திரும்பக்கூட இல்லை. இந்தக் கூட்டத்துக்குப் பயந்தா அதைச் செய்தேன் என்று இப்போதும் கூசுகிறது.

மறுநாள் அப்பாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. சிறுநீர் கலங்கியிருந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டார். டியூப் இருந்தாலே கிருமி வரலாம், இதனால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். சித்தப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். என்னால் முடியவில்லை.

நர்ஸம்மாவுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. மானம் காத்த உறவினர்களுக்கு இந்த முதலாண்டு நினைவுநாளில் இலை போட்டாயிற்று. அந்த மரியாதை போதும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது அந்தப் பை தொங்கினால், தொங்கட்டும். வருகிறவர்கள் பார்க்கட்டும். அப்பா கடைசியாக என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.