சீனிக்கிழங்குத் தோட்டத்துப் பெயர்

என் மகள் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் குடும்பப் பெயரை இங்கே எழுத மாட்டேன். இந்த நாட்டில் அந்தப் பெயர் உள்ளவர்கள் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய தொகைதான். எழுதினால் அடுத்த ஞாயிறே நீங்கள் அவர்கள் வீட்டு மணியை அடித்துக்கொண்டு நிற்பீர்கள். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். முதலாவதாக என்னைத் தெரியும்.

பையன் லோலான் தீவில் பிறந்த டேனிஷ்காரன். பெயர் மட்டும் போலந்துப் பெயர். மகள் அதை முதல்முறை சொன்னபோது இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தரத்துக்கு முன் தண்ணீர் குடித்தேன். வழக்கம்போல டேனிஷில் பேசிக்கொண்டிருந்தவள், ஒரேயொரு சொல்லுக்காகத் தமிழுக்கு வந்தாள்.

"அப்பா, விசாரிக்கிற வேலை வேண்டாம்."

விசாரிக்கிறதுக்கு டேனிஷில் ஈடான சொல் இல்லை. எந்த ஊர், ஆர்ற பிள்ளை, அம்மம்மா ஆரோடை ஓடினவ என்று நான்கு நாடுகளுக்கு ரெலிபோன் எடுத்துத் துருவுகிற எங்கள் கலையை வேறெந்த மொழியும் ஒரே சொல்லில் அடக்கியதாகத் தெரியவில்லை. அவளுடைய ஒன்றுவிட்ட அக்காவின் கலியாணம் அப்படி ஒரு பின்னேரத்துக்குள் குழம்பிப்போனதை அவள் கண்ணால் கண்டவள்.

"விசாரிச்சால் நீங்கள் கலியாணத்துக்கு வரத் தேவையில்லை" என்றாள். பகிடி இல்லை, உண்மையாகத்தான் சொன்னாள். அவள் பகிடிவிடும்போது ஒரு புருவம் உயரும். அன்று இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

சத்தியம் செய்து கொடுத்தேன். சிற்றிதழ்களில் இந்த விசாரணை வழக்கத்தைக் கண்டித்து மூன்று கட்டுரை எழுதியவனுக்கு அது பெரிய காரியமா?

அடுத்த நாள் ஹ்விடோவ்ரேயிலிருந்து என் மனைவியின் அக்கா ரெலிபோன் எடுத்தா.

"தம்பி, அதென்ன பேர்? ஆக்கள் ஆர்?"

"தெரியாது அக்கா. நான் விசாரிக்கேல்லை."

"நீ விசாரிக்காட்டி நான் விசாரிக்கிறன்."

அவ விசாரித்தால் வார்சோவில் உள்ள மரக்கறிக் கடைக்காரர் வரை செய்தி போகும். அதைவிட நான் மெல்லமாக, படித்தவன்போல, ஒருவருக்கும் தெரியாமல் பார்ப்பது மேல் என்று முடிவெடுத்தேன். வாக்கு மீறுகிற எவனும் தன்னிடம் சொல்லிக்கொள்ளும் நியாயம்தான்.

ஒரு பெயர் இங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பார்க்க அரசாங்கமே ஒரு இணையப்பக்கம் வைத்திருக்கிறது. பையனின் பெயரைப் போட்டேன். சொன்னேனே, ஒரு மேசைத் தொகை. கை சும்மா இருக்குமா? எங்கள் பெயரையும் போட்டேன். என் அப்பாவின் சொந்தப் பெயர் அது. விமான நிலையத்தில் ஒரு அதிகாரி குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னதால் பரம்பரைப் பெயராகிவிட்டது. எங்கள் குளியலறையில் எத்தனை பிரஷ் இருக்கிறதோ அத்தனை பேர்தான் வந்தார்கள். இப்படி அரிய பெயர்களை வெளியாட்கள் நினைத்தபடி வைத்துக்கொள்ள இங்கே சட்டம் விடாது. எங்களுடையதை எவரும் கேட்டதாக நினைவில்லை.

பெயரின் பிறப்பைத் தேடினால், மூன்று இணையத்தளம் மூன்று விதமாகச் சொன்னது. பீப்பாய் செய்கிறவர்கள் என்றது ஒன்று. ஆற்றங்கரை ஊர் ஒன்றின் பெயர் என்றது மற்றது. மெதுவாக நடக்கிறவனுக்கு வைத்த பட்டப்பெயர் என்றது மூன்றாவது. போலந்திலேயே அரிதாம். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் லோலானில் ஒரு ஊர்ச் சரித்திரக் காப்பகம் இருந்தது. கட்டுரை எழுதுகிறேன் என்று புளுகி அதற்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இரண்டே நாளில் பதில் போட்டார். தேவாலயப் பதிவேட்டின் இரண்டு பக்கங்கள். பழைய கையெழுத்து எனக்கு விளங்காது என்று தட்டச்சும் செய்து தந்திருந்தார்.

நூறு வருடத்துக்கும் முன்னர், சீனி ஆலைக்குப் பயிரிடுகிற சீனிக்கிழங்குத் தோட்டங்களில் வேலை செய்யப் போலந்திலிருந்து பெண்பிள்ளைகள் லோலானுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. தகப்பன் என்ற கட்டத்தில் ஒரு கோடு. பிள்ளைக்குத் தாயின் பெயர். பெயர் இந்த நாட்டுக்கு வந்த கதை அவ்வளவுதான். எங்கள் விசாரணைக்காரருக்கு அந்த ஒரு கோடு போதும். கலியாணம் குழம்ப ரெலிபோன்கூட வேண்டாம். அந்தக் கடுதாசியை நான்காக மடித்துக் கோட்டின் உட்பையில் வைத்தேன். வீட்டில் வைத்தால் மகள் கண்டுபிடிப்பாள் என்ற பயம்.

பிறகு பையனின் தாய் தகப்பன் எங்களைக் கோப்பிக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் இருக்கிற அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து லோலானுக்கு மனைவி கார் ஓட்டினா. சாரதிப் பரீட்சை மூன்று தரம் எழுதிய அனுபவசாலி என்ற முறையில் நான் பின்சீற். முன்சீற்றில் அக்கா. மகள் முதல்நாளே பையனோடு போயிருந்தாள். திங்கள்வரை அங்கே நிற்பதாகச் சொல்லியிருந்தாள்.

கேக் வெட்டி முடியவில்லை, அக்கா தொடங்கிவிட்டா. முதியோர் இல்லத்தில் இருபது வருடம் வேலை செய்த டேனிஷ், தட்டுத்தடங்கல் இல்லை. "உங்கட பேர் எங்கையிருந்து வந்தது?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் கேக்கைப் பார்த்தேன்.

பையனின் தகப்பன் அதிகம் பேசாத மனிதர். கோப்பியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார். "என் அப்பப்பாவின் தாயார் போலந்துக்காரி. கிழங்கு வேலைக்கு வந்தவர். பிள்ளையைப் பெற்றுப் பண்ணைக்காரர் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அப்பப்பா சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவிட மாட்டார். ஆனால் பெயரை மட்டும் மாற்றவில்லை. ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை."

நான் பயந்துகொண்டிருந்த அந்தத் தகப்பன் இல்லாத கோட்டை அவர் சில வசனத்தில் தாண்டிவிட்டார். எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி கோட்டுப் பையில் கிடந்தது. ஏனென்றால் இரண்டாவது பக்கம் அவருக்குத் தெரியாது.

வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு துண்டு கேக் எடுத்திருந்தால் தப்பியிருப்பேன்.

"அவ போகேல்லை" என்றேன். தமிழில். டேனிஷ்காரருக்கு விளங்காது என்று புத்தி கணக்குப் போட்டிருக்கவேணும். விளங்கக் கூடாத ஆளுக்குத்தான் விளங்கியது.

"என்னப்பா சொன்னீங்கள்?" என்றாள் மகள். அவளும் தமிழில்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் தகப்பன்.

அவள் அதை அப்படியே விட்டிருக்கலாம். கேக் நல்லாயிருக்காம் என்று சொல்லியிருக்கலாம். என்னை விட்டுக் கண்ணை எடுக்காமல் டேனிஷில் சொன்னாள்: "அந்தத் தாயார் போகவில்லையாம்."

கடுதாசியை எடுத்து மேசையில் விரித்தேன். மனைவி மேசைக்கடியில் என் காலை மிதித்தா, நேரம் பிந்திவிட்டது. இரண்டாவது பக்கம் அடக்கப் பதிவு. அதே பெண், அதே பண்ணை. பிள்ளைக்கு இரண்டு வயதாகியிருந்த குளிர்காலத்தில், காய்ச்சல். ஊருக்குப் போய்விட்டா என்று சொல்வது சின்னப்பிள்ளைக்குச் சொல்ல லேசாக இருந்திருக்கும். பிறகு ஒருவரும் திருத்தவில்லை.

அவர் இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தத் தேவாலயத்தைத் தாண்டித்தான் நான் தினமும் கடைக்குப் போகிறேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இதை நான் வைத்துக்கொள்ளலாமா?" என்றார். அவருடைய மனைவி அவர் தோளில் கை வைத்தா. அவர் முகத்தில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. பாரமான பெட்டியை இறக்கிவைத்த ஆளின் முகம்.

அக்கா தமிழில் தீர்ப்புச் சொன்னா. "பிள்ளையை விட்டிட்டுப் போற சாதிப் பொம்பிளை இல்லை அவ. பேரைக் கேட்டவுடனையே எனக்குத் தெரியும்." அந்தப் பெயரை அவ இன்றுவரை ஒரு தரமும் சரியாகச் சொன்னதில்லை.

வெளிக்கிடும்போது மகளும் தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பின்சீற்றில் என் பக்கத்தில் ஏறினாள். திங்கள்வரை நிற்கப்போன பிள்ளை. தீவு முடிந்தது, பாலம் வந்தது. அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். நான் கலியாணப் படங்களிலிருந்து என்னை மனதுக்குள் வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சத்தியம் பண்ணினீங்கள்" என்றாள் கடைசியில், டேனிஷில்.

"ஓம்."

"அவரின்ரை அப்பா அழுது நான் கண்டதில்லை. நீங்கள் சப்பாத்துப் போடேக்கை பின்னாலை நிண்டு அழுதவர்." இது தமிழில்.

கோட்டின் உட்பையைத் தடவிப் பார்த்தேன். காலியாக இருந்தது.

"நீங்கள் வரலாம்" என்றாள்.

"எங்கை?"

"கலியாணத்துக்கு." ஒரு புருவம் உயர்ந்தது.

முன்சீற்றில் நித்திரை என்று நாங்கள் நினைத்திருந்த அக்கா, கண்ணைத் திறக்காமலே, "ஆர் அவரை வரவேண்டாமெண்டது?" என்றா.