ரப்பர் ஒட்டாத பதினோரு வளையங்கள்

அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தொழிற்சாலைக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் கப்பல்களின் சோனார் கருவிக்கு ரப்பர் உறை போட்டுக்கொண்டிருந்தோம். தண்ணீரில் வரும் ஒலியை அந்த உறை தடுக்காமல் உள்ளே விட வேண்டும். ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே மயிரிழை அளவு காற்று புகுந்தாலும் ஒலி அங்கேயே திரும்பிவிடும்; கருவிக்குக் காது போய்விடும்.

நான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற புரொசீஜர் எல்லாம் நான் எழுதியவை. கை கழுவுவதற்குக்கூட ஒன்று எழுதியிருந்தேன். படித்தது நான் மட்டும்தான்.

ஒரு திங்கட்கிழமை, ரப்பரை அழுத்தி ஒட்டும் பிரஸ்ஸிலிருந்து வந்த பதினோரு சோனார் உலோக வளையங்களில் ரப்பர் ஓரத்தில் எழும்பி நின்றது. நகத்தால் இழுத்தால் தோல்போல உரிந்தது. வளையத்தின் அழுக்கைச் சால்வென்ட் திரவத்தால் துடைத்து, ரப்பர் பிடிப்பதற்கான பிரைமர் பூசுகிறவர் இண்டூர் மங்கை. பன்னிரண்டு வருடமாகக் குறை வராத கை.

மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மங்கையின் விரல்களில் ஏதோ பளபளத்தது.

"ஏம்மா, கையில என்னத்த பூசுன?"

"தோல் வெடிச்சு ரத்தம் வருதுங்க சார். களிம்பு போட்டேனுங்க. மேல கிளவுஸ் மாட்டிக்கிட்டேனுங்க."

"களிம்புக் கையால மாட்டுனா கிளவுஸுக்கு வெளியவும்தான் ஒட்டும். யாரு குடுத்தா?"

மங்கை தரையைப் பார்த்தார். "நானே கடையில வாங்குனதுங்க."

பொய். போன வாரம் அதை வாங்கிக் கொடுத்தவன் நான். சாப்பிடும்போது குழம்பு பட்டு அவர் விரலை உதறியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. டியூபின் பின்னால் பொடியெழுத்தில் சிலிக்கோன் என்று இருந்ததை நான் படிக்கவில்லை. சிலிக்கோன் பட்ட உலோகத்தில் ரப்பர் ஒட்டாது என்று புரொசீஜரின் நான்காம் பக்கத்தில் எழுதியவனும் நானே.

"நாளையிலருந்து வர வேணாம்மா" என்றார் மேலாளர்.

மங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"களிம்பு நான் வாங்கிக் குடுத்தது சார். ரிப்போர்ட்ல என் பேரைப் போடுங்க."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா? ஒரு கமா தப்பா இருந்தாலே குதிப்பீங்களே!"

"அதே நான்தான் சார்."

மெமோ எனக்கு வந்தது. மங்கையின் வேலை நிலைத்தது. வெளியே வந்ததும் கேட்டேன்: "எதுக்கும்மா பொய் சொன்னீங்க?"

"நீங்க ரிட்டயர் ஆக நாலு மாசந்தானுங்களே சார் இருக்குது. நல்ல பேரோட வூட்டுக்குப் போவட்டும்னுதான்."

"உங்க வேலை போயிருக்குமே?"

"போயிருந்தா உங்களத்தான் திட்டியிருப்பேனுங்க" என்று சிரித்தார்.

பதினோரு வளையங்களையும் உரித்து, சுத்தம் செய்து, மறுபடி ரப்பர் போட்டோம். அப்போதுதான் அவர் கிளவுஸைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சால்வென்ட் பட்டு அதன் விரல் நுனிகள் இளகிப்போயிருந்தன; உள்ளே கசிந்த சால்வென்ட்தான் அவர் தோலை வெடிக்க வைத்திருந்தது. அந்த மெல்லிய ரகத்துக்கு ஒப்புதல் கையெழுத்தும் என்னுடையதே. தடித்த ரகம் வரவழைத்தேன். ஒரு மாதத்தில் விரல்கள் ஆறின.

அறிக்கையில் 'மூல காரணம்' என்றொரு கட்டம் உண்டு. அதில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கு முன் ஒருமுறை எழுந்துபோய் அந்த ஊழியரின் கையைப் பாருங்கள்.