வகுப்பில் தூங்கிய பொறியியலாளர்

செய்தி வந்தபோது நான் கெலிஓயாவைக் கடந்துகொண்டிருந்த பஸ்ஸில் இருந்தேன். தவமலர் அக்காவின் கணவர்தான் பேசினார். "ரீச்சர், இவ விடியக்காலமை போயிட்டா." "எங்கே?" என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா அது! பேராதனை ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தது எனக்குத் தெரியாதா? யன்னலுக்கு வெளியே பனிமூட்டம். கடைகளும் மரங்களும் பாதி பாதியாக வந்து போயின. எங்கள் பாடசாலைத் தரிப்பிடம் எப்போது போனதென்று தெரியாது. நாவலப்பிட்டியில் கண்டக்டர் வந்து, "டீச்சர், எறங்கலையா? இதான் கடைசி," என்றார்.

அவரோடு வேலை செய்து, இன்று அவரை நினைத்துக் கூடியிருக்கும் உங்களிடம் அவரைப் பற்றி நிறையக் கதைகள் இருக்கும். பழைய பாடசாலைகளைத் திருத்துவதே தொழிலாக இருந்த பொறியியலாளர். இந்த மலைநாட்டில் அவர் ஏறாத கூரை குறைவு. எங்கள் பாடசாலைக்கு அவர் வந்த கதையை மட்டும் நான் சொல்கிறேன்.

எங்கள் மேல்மாடி தகரக் கூரை போட்டது. காலையில் மேகம் வகுப்புக்குள்ளேயே வந்து உட்காரும். பிள்ளைகள் விரல்களைச் சுவெட்டருக்குள் இழுத்துக்கொண்டு எழுதுவார்கள். மத்தியானம் அதே தகரம் கொதிக்கும். பட்டப்பகலிலும் விளக்கு எரிய வேண்டும். இதைச் சரிசெய்யாவிட்டால் மாடியை மூடிவிட்டு, மேல் வகுப்புகளை டவுன் பாடசாலைக்கு மாற்றப்போவதாகக் கல்விக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளைகள் தினமும் அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போவார்களா? பாதிப் பேர் படிப்பையே நிறுத்திவிடுவார்கள், முதலில் பெண்பிள்ளைகள். உதவி அதிபராக இருந்த எனக்கு அந்த நாட்களில் சோறே இறங்கவில்லை.

தவமலர் அக்கா வந்த அன்று கட்டடத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து விரல்களைத் தடவிப் பார்த்தார். "கட்டடத்துக்குக் குளிராது ரீச்சர், பிள்ளையளுக்குத்தான் குளிரும்," என்றார். நெற்றியில் திருநீறும் காலில் சேறுமாக நின்ற அந்த யாழ்ப்பாணத்துக்காரரை எனக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது.

தகரத்துக்குக் கீழே தேங்காய்த் தும்புப் பலகை அடித்தார். இடையிடையே வெளிச்சம் புகும் தகடுகள் போட்டார். யன்னல் இடுக்குகளை அடைத்தார். கூரையோரம் அந்தக் காலத்தில் விட்டிருந்த காற்றுத் துவாரங்களையும் கொத்து வேலை செய்யும் மேசன் பாஸை வைத்துப் பூசி அடைத்துவிட்டார். பனி அதற்குள்ளால்தான் வருகிறது என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். மலையில் இருப்பவர்களுக்குக் குளிர் என்றால் எதையாவது அடைக்கத்தானே தோன்றும்! வேலை முடிந்ததும் அறை வேறு உலகமாகிவிட்டது. விளக்கில்லாமலே மெல்லிய வெளிச்சம். வெளியே மழை பெய்தாலும் சத்தம் தூரத்தில் எங்கோ கேட்டது. சுவரில் மாட்டிய வெப்பமானி காலையிலும் மத்தியானத்திலும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டியது.

வேலை முடிந்த எந்தப் பாடசாலையிலும் ஒரு முழு நாள் பிள்ளைகளின் வாங்கிலேயே இருந்து பார்ப்பது அவருடைய வழக்கம். இங்கேயும் கடைசி வாங்கில் வந்து இருந்தார். நான் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், அம்மணி மேசையில் தலை வைத்து நல்ல தூக்கம்! பக்கத்திலிருந்த பிள்ளை தன் சுவெட்டரைக் கழற்றி அவர் தோளில் போர்த்தியிருந்தது. விழித்ததும் வெட்கத்தோடு சிரித்தார். "பரவாயில்லை மிஸ், நாங்களும் இப்பிடித்தான். மூணாம் பாடத்துல கண்ணு சொக்கிரும்," என்றது பிள்ளை. அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. துவாரங்களை மூடிப் பூசிய இடத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெற்றார் கூட்டம். கந்தோர் மேலதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் மாடி தப்பும். நான் அவர் காதோடு கெஞ்சினேன். "அக்கா, மொதல்ல கையெழுத்து விழட்டும். பொறகு மெதுவா ஓட்டையத் தெறந்துக்கலாம்." அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துப் பாராட்டினார். கைதட்டக் கை தூக்கினோம். அக்கா எழுந்தார்.

"கருவி சரியெண்டுதான் சொல்லுது. அதுக்கு மூச்சு விடத் தெரியாது. காத்துப் போக வழியில்லாமல் பிள்ளையள் தூங்கினம். பிழை என்ரை."

எனக்கு வந்த கோபத்தில் அவரைக் கடித்திருப்பேன். அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப மாடிய மூடத்தான் வேணும்."

அப்போது பின்னாலிருந்து கொழுந்து பறிக்கிற ஓர் அம்மா எழுந்தார். "புள்ளைங்க தூங்குறது எங்களுக்கும் தெரியும் சார். சொன்னா மூடிருவீங்கன்னு பயந்துதான் வாயத் தெறக்கல. இந்தம்மா சொல்லிட்டாங்க. வர்ற ஸ்கூல் லீவு முடியிற வரைக்கும் டைம் குடுங்க சார், நாங்களும் கூட நிக்கிறோம்."

அதிகாரி விடுமுறை முடியும்வரை தவணை கொடுத்தார். துவாரங்களை மீண்டும் திறந்தோம். பனி நேரே பிள்ளைகள்மேல் இறங்காமல், உள்ளே தேங்கிய காற்று மேலால் வெளியேறும்படி அக்கா சரிவாகப் பலகைகள் பொருத்தினார். மாடி இன்றுவரை மூடப்படவில்லை.

செய்தி வந்த அன்று அவருக்காக மாதா கோவிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். திருநீறு பூசுகிற ஆளுக்கு எதற்கு மெழுகுதிரி என்று மாதா கேட்கப்போவதில்லை. பிறகு மாடியில் வகுப்புக்குப் போய்ச் செய்தியைச் சொன்னேன். இப்போதிருக்கும் பிள்ளைகள் யாரும் அவரைக் கண்டதில்லை. "யாரு டீச்சர் அவங்க?" என்றாள் ஒருத்தி. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே தூறல். உள்ளே யாரும் நடுங்கவில்லை, யாரும் கொட்டாவி விடவில்லை. "நீங்க இப்ப சொகமா உக்காந்திருக்கீங்கல்ல, அதச் செஞ்சவங்க," என்றேன். "ஓ," என்றுவிட்டுக் கணக்குக்குத் திரும்பினார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, எல்லோரும் கைதட்டத் தயாராக இருக்கையில் எழுந்து, "பிழை என்ரை" என்று சொன்ன அந்தக் குரலை. எனக்கு அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை, அக்கா. வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்ன என்னை நீங்கள் ஒருநாளும் குத்திக்காட்டவில்லை. அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.