முறத்தில் கொட்டிய மாத்திரைகள்

தேவயானியைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டால் வேண்டாம் சார் என்பார். அதனால் கேட்காமலே எழுதுகிறேன்.

நான் திருப்பதியில் ஒரு மருத்துவ ஆய்வு அலுவலகத்தில் கணினியில் எண்களை ஏற்றுகிறவன். நோயாளிகள் எனக்கு வெறும் எண்கள்தான். முகம் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் கிடையாது. தேவயானி எங்கள் களப்பணியாளர். வயது நாற்பத்து மூன்று, புத்தூரில் வீடு. நகரி பக்கம் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்து, ரத்த அழுத்தம் பார்த்து, படிவம் நிரப்பி எனக்கு அனுப்புவார். என் இருபது வருஷ வேலையில் எத்தனையோ பேர் எழுதிய படிவங்களைப் பார்த்துவிட்டேன். பாதிப் பேர் மரத்தடியில் உட்கார்ந்து மனசுக்குத் தோன்றிய எண்ணைப் போட்டு அனுப்புகிற ரகம். தேவயானி ‘வீட்டில் இல்லை’ என்று எழுதியிருந்தால் அந்த ஆள் நிஜமாகவே வீட்டில் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. சில நாள் எரிச்சலும்தான். அவர் எழுதும் குறிப்புகள் கட்டத்துக்குள் அடங்காது.

2022 தொடக்கத்தில் ஒரு ஆய்வு வந்தது. சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு, வேறு ஏதோ நோய்க்காக ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஒரு மாத்திரை பலன் தருமா என்று பார்ப்பது. நகரியில் விசைத்தறி ஓடும் ஒரு தெருவில் இருபத்தேழு பேர் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் சிறுநீரகம் வடிகட்டாமல் விட்ட உப்பு ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தது. சேர்த்தவர் தேவயானி. அது அவர் பிறந்த தெரு. அம்மா செத்த பிறகு அவருக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர் எதிர்வீட்டு மல்லிகா. அந்த மல்லிகாவுக்கும் உப்பு. தேவயானி சொன்னார் என்றுதான் மல்லிகா முதல் கைநாட்டு வைத்தார். மல்லிகா வைத்தார் என்று தெருவே வைத்தது.

ஆந்திரா என்பதால் ஒப்புதல் படிவம் தெலுங்கில் இருந்தது. அதைக் கடகடவென்று வாசித்துவிட்டுக் கைநாட்டு வாங்குவதுதான் ஊர் வழக்கம். தேவயானி அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து தமிழில் விளக்கினார். பாதிப் பேருக்கு மருந்து இருக்கும் மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, கடைசியில்தான் தெரியும். எல்லாருக்கும் புரிந்தது. நன்றாகவே புரிந்துவிட்டது. வினையே அங்கேதான் ஆரம்பம்.

ஒன்றரை வருஷம் அந்தத் தெருவின் கணக்குகள் எனக்குத் தேன். மாதா மாதம் வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு டப்பா, டப்பாவுக்கு முப்பது மாத்திரை. மாதக் கடைசியில் மிச்சம் எண்ணினால் ஒன்று கூடாது, ஒன்று குறையாது. மற்ற ஊர்களில் மாத்திரையைப் பரணில் போட்டு மறந்தவர்கள், ஆட்டுக்குக் கொடுத்தவர்கள் எல்லாம் உண்டு. நகரி தெரு மட்டும் நூற்றுக்கு நூறு. ஆய்வுக்குத் தலைவரான டாக்டர் சடகோபனிடம் அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

2023 ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் ரத்த அழுத்தக் கருவியை மல்லிகா வீட்டில் மறந்து வைத்துவிட்டதால் தேவயானி அதை எடுக்கப் போயிருக்கிறார். தெருவில் ஆள் இல்லை. எல்லாரும் பஜனை கோயிலில் இருக்கிறார்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால், பெருமாள் படத்துக்கு முன்னால் பெரிய முறம். அதில் வெள்ளை வெளேரென்று மாத்திரைகள். இருபத்தேழு டப்பாவும் திறந்து கிடக்கின்றன. மல்லிகா இரண்டு கையாலும் மாத்திரைகளைக் கலைத்துவிட்டு, முப்பது முப்பதாக எண்ணி ஒவ்வொரு டப்பாவிலும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

புரட்டாசி சனிக்கிழமையில் அந்தப் பக்கம் நாமம் போட்டுக்கொண்டு, கோவிந்தா சொல்லி வீடு வீடாக அரிசி வாங்குவார்கள். பொன்னி போடுகிறவர்களும் உண்டு, ரேஷன் அரிசி போடுகிறவர்களும் உண்டு. எல்லாம் ஒரே பாத்திரத்தில் விழும். ஒன்றாகப் பொங்கிப் படைத்து, எல்லாருக்கும் சமமாகக் கொடுப்பார்கள். எது யார் வீட்டு அரிசி என்று யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். ஆய்வு ஆரம்பித்த முதல் மாதமே மல்லிகாவுக்கு இந்த யோசனை வந்துவிட்டது. மாத்திரைக்கும் அதையே செய்தார்கள்.

“இன்னாக்கா இது?” என்று கேட்டிருக்கிறார் தேவயானி.

“நீதானே சொன்ன, பாதிப் பேருக்கு ஒண்ணுமில்லாத மாத்திரைன்னு. ஒரே தெருவுல பாதி பேர் பொழச்சுக்கினு, பாதி பேர் செத்துக்கினு இருக்கறதா? கலந்துட்டா ஆளுக்குப் பாதியாவது நிஜ மருந்து வயித்துல போவுது இல்ல.”

“எங்கிட்ட ஏன்கா சொல்லல?”

“சொன்னா உன் வேலைக்கு வம்பு வரும்னுதான்.”

இதைக் கேட்டு நான் சிரித்தேன் என்று சொன்னால் என்னை நாலு சாத்துச் சாத்தலாம். ஆனால் சிரிக்கத்தான் செய்தேன். எண்ணிக்கை ஏன் அவ்வளவு சுத்தமாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. சிரித்து முடித்த பிறகுதான் மற்றது உறைத்தது. மருந்து சாப்பிட்டவர், சாப்பிடாதவர் என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஆய்வே. அந்தத் தெருவில் எல்லாரும் ஒரே கலவையைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். அங்கே பிரித்துப் பார்க்க எதுவும் இல்லை.

தேவயானி வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் திருப்பதிக்கு வந்து சடகோபனிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “நீங்க சொல்லாம விட்டிருந்தா, மருந்துக்கும் வெறும் மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லைன்னு முடிவு வந்திருக்கும். நல்ல மருந்தாவே இருந்தாலும் நம்ம கணக்கு அதைக் கெட்டதுன்னு சொல்லியிருக்கும். சொன்னது சரிதாம்மா.”

“சொன்னதால இன்னா சார் ஆவும்?”

“அந்தத் தெருவை நிறுத்தணும்.”

நிறுத்தினார்கள். டப்பாக்களைத் திரும்ப வாங்கி வந்ததும் தேவயானிதான். மல்லிகா தன் டப்பாவைக் கொடுக்கும்போது, “மறுபடி எப்போ தருவாங்க?” என்று கேட்டாராம். அதற்குப் பிறகு நகரிக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் அதே கேள்வியைக் கேட்பார். ஒரு தடவை என்னிடம் சொன்னார், “திட்டினா பரவால்ல சார். எல்லாரும் நல்லபடியாவே கேக்கறாங்க.”

2024இல் மல்லிகாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரம் மூன்று நாள் ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறித் திருப்பதிக்கு வந்து, நாலு மணி நேரம் படுத்துவிட்டு, மறுபடி ரயில் ஏறிப் போவார். வேலை இல்லாத நாளில் தேவயானி கூட வருவார். தறி ஓட்டிய கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கிறது என்று சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

போன வருஷம் அந்த மருந்தைப் பற்றிய தொகுப்பாய்வு வெளிவந்தது. உலகத்தில் ஒரே மருந்தை வைத்து எங்கெங்கே என்னென்ன ஆய்வு நடந்ததோ அத்தனையையும் திரட்டி, சலித்து, தேறியதை மட்டும் சேர்த்துக் கணக்குப் போட்டு முடிவு சொல்வார்கள். ஆஸ்பத்திரிகளில் எந்த மருந்தை எழுதலாம் என்று தீர்மானிப்பவர்கள் இதைத்தான் கேட்பார்கள். தனியாக ஒரு டாக்டர், எனக்கு அனுபவம் இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பவும் கூடாது.

நான் அதை மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தேன். அந்த மருந்து நோய் முற்றுவதைத் தள்ளிப்போடக்கூடும், ஓரளவு நம்பலாம் என்று போட்டிருந்தது. அடுத்த வரியில், வெக்கையில் நின்று உடலுழைப்புச் செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லப் போதிய சான்று இல்லை. நாங்கள் எங்கே என்று தேடினேன். கடைசியில், கழித்துவிடப்பட்ட ஆய்வுகள் என்று ஒரு பட்டியல். அதில் எங்களுக்கு ஒரு வரி. ஒரு பகுதியில் மருந்துகள் பங்கேற்பாளர்களிடையே கலந்துவிட்டன. மீதமுள்ளவர்களின் எண்ணிக்கை போதாது. அவ்வளவுதான்.

கோபம் தலைக்கேறியது. மல்லிகா மாதிரியான ஆட்களைப் பற்றிச் சான்று இல்லையாம். சான்று தர வந்தவர்களே அவர்கள்தானே. அரை மணி நேரம் மனசுக்குள் அவர்களைத் திட்டித் தீர்த்தேன். பிறகு யோசித்தால், அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அந்த வரியைத்தான் எழுதியிருப்பேன். யார்மேலும் குற்றம் சொல்ல முடியாத எரிச்சல் இருக்கிறதே, அதைப்போல ஒரு பாழாய்ப்போன எரிச்சல் கிடையாது. மருந்துப் பட்டியல் போடுகிறவர்களும் அந்த வரியைப் பார்த்துவிட்டு, நம் பக்கத்து ஆட்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளி வைத்துவிட்டார்கள்.

ஆய்வு முடிந்தால் யாருக்கு எந்த மாத்திரை என்று அவரவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் அது எழுதியிருக்கிறது. சடகோபன் கடிதங்களில் கையெழுத்துப் போட்டார். கடிதம் சேர்ந்ததற்குக் கையொப்பம் வாங்க ஒரு ஆள் கூடப் போக வேண்டும் என்று என்னை அனுப்பினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் அந்தத் தெருவைப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை.

ஊசி போடாத நாள் என்பதால் மல்லிகா வீட்டில் இருந்தார். மூச்சு வாங்க எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. தேவயானி கடிதத்தைப் பிரித்தார். தெலுங்கு. மல்லிகாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். தேவயானி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். மருந்துள்ள மாத்திரை என்று இருந்தது.

பொய் சொல்லுங்கள் தேவயானி என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். இருபது வருஷம் சரியான எண்ணுக்காகச் சண்டை போட்டவன், அன்றைக்கு ஒரு பொய்க்காக வேண்டினேன்.

“உன்னுது நிஜ மாத்திரைக்கா” என்றார் தேவயானி.

மல்லிகா கடிதத்தை வாங்கி மடித்தார். “முழுசா நானே துன்னிருந்தா, இந்த ஊசி வந்திருக்காதா?”

“நூறு பேருக்குன்னா இத்தனை பேருக்குத் தள்ளிப்போவும்னு சொல்லலாம்கா. உனக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“டாக்டராலயுமா?”

“ஆமாக்கா.”

தேவயானி அழுதுவிட்டார். மல்லிகா அழவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கைநாட்டு வைத்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னார், “தெருவுல யார் கேட்டாலும் என்னுது வெறும் மாத்திரைன்னே சொல்லிடு.”

“எப்பிடிக்கா பொய் சொல்றது?”

“சொல்லு. வேணு வாரத்துல மூணு நாளும் என்னை வண்டியில ஏத்திக்கினு ஸ்டேஷன்ல வுடறான். அவன் நிம்மதியா வுடட்டும்.”

வேணு அடுத்த வீடு. நாற்பது வயசு, தறி ஓட்டுகிறவர். அவருக்கு உப்பு ஏறாமல் அப்படியே நிற்கிறது. எதனால் என்று எந்த ஆய்வும் சொல்லாது. தறியை நிறுத்திவிட்டு வந்து கடிதத்தைத் தானே படித்தார். அவருக்கு வெறும் மாத்திரை. ஒரு தடவை படித்தார். மறுபடியும் படித்தார்.

“மல்லிகாக்காவுக்கு எந்த மாத்திரைக்கா?” என்று கேட்டார்.

அடுத்தவர் விவரத்தைச் சொல்லக் கூடாது என்பது விதி. தேவயானி விதியைச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே, “அதுவும் வெறும் மாத்திரைதான்ப்பா” என்றார்.

வேணு மூச்சு விட்டார். “நல்லவேளைக்கா. எங்க அவங்க பங்கை நான் துன்னுட்டேனோன்னு இருந்துச்சு.”

“இங்க ஒரு கையெழுத்துப் போடு” என்றார் தேவயானி. நான் பேனாவின் மூடியைத் திறந்து வேணுவிடம் கொடுத்தேன். இன்னும் இருபத்தைந்து வீடு இருந்தது.