ஒரு வாரப் பாகற்காய்

காலையில் காஜா பேராங் கிளினிக். வெறும் வயிற்றோடு பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க என்னோடு வந்தவர் பக்கத்து வீட்டு மாணிக்கம் அங்கிள். இதயக் குழாய் அடைப்புக்கு ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட் வைத்திருப்பவர்.

“ஒரு வாரமா பாகற்காய் ஜூஸுதான். சோறே தொடல லா. ரிசல்ட்டு அழகா வரும் பாரு!”

பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்த பிள்ளையின் முகம்.

“மூணு மாசத்துச் சீனியக் காட்டுற டெஸ்ட்டும் இருக்கு அங்கிள்,” என்றேன்.

“அது எதுக்கு? போன தடவ கெட்ட கொழுப்பே நார்மல்தான்.”

நர்ஸ் விடவில்லை. “கெட்ட கொழுப்புலயும் பெருசு, பொடிசுன்னு இருக்கு அங்கிள். இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதி, உள்ளவங்களுக்குப் பொடிசுதான் அதிகமா இருக்கும். மொத்தம் நார்மலா இருந்தாலும் அது ரத்தக்குழாய்ச் சுவத்துக்குள்ள பூந்துரும்.”

அங்கிள் பலமாகத் தலையாட்டினார். நர்ஸ் ஊசியை எடுத்ததும் நேராக எதிர்க்கடைக்குப் போனார். விரதத்தை முடிக்க வேண்டுமே! கூம்பாக நிற்கும் மொறுமொறு ரொட்டி தீசு, மேலே வழிய வழிய இனிப்புக் கெட்டிப்பால். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயில் மட்டும் சீனி கம்மி. உடம்பு முக்கியமல்லவா?

இவ்வளவு விவரம் எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? கையில் பஞ்சோடு எதிர் நாற்காலியில் இருந்தது நான்தான். ரொட்டியில் பாதி எனக்கு.

அவர் ஏழு நாள் பாகற்காய். நான் மூன்று நாள்.

நீங்கள்?